அன்வர் பாய் விட்டுவைத்த விசில்

செவ்வாய்க்கிழமை காலையில், ஏலத்தில் எடுத்த சங்கரா மீனைப் பலகைமேல் கொட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கையெல்லாம் செதில். பக்கத்துக் கடை தேசம்மாதான் என் இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துப் பிடித்தாள்.

"அக்கா, நான் ஷகீலா. அவரு போயிட்டாருக்கா. விடியக்காலம் தொழுதுட்டு வந்து படுத்தவரு, எழுந்திருக்கவே இல்ல. சாயங்காலம் அடக்கம்."

ஷகீலா, அன்வர் பாயின் மனைவி, மேலே பேசினாள். "மொதல் போன் உங்களுக்குத்தான்க்கா. அவரு தம்பிக்குக் கூட இன்னும் சொல்லல. வந்துடுங்க."

"யாரு கன்னிம்மா?" என்றாள் தேசம்மா.

"சவுண்டு பாய். செத்துட்டாராம்."

"நீதான் அந்தாளோட பேசறதில்லையே."

பேசுவதில்லைதான். ஆறு வருஷமாகப் பேசவில்லை. அப்படிப்பட்டவளுக்கு அந்த வீட்டிலிருந்து முதல் போன் ஏன் வரவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. மீன் முழுவதையும் தேசம்மா பலகைக்குத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அன்வர் பாயை இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எத்தனையோ படங்களுக்கு அவர் சத்தம் பதிவு செய்தார். கூட நின்று வேலை பார்த்தவர்கள் நீங்கள். நான் அவரோடு வேலை பார்த்தது ஒரே ஒரு படம். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவளைக் கொண்டுபோய் டைரக்டர் ரகு தம்பி அம்மா வேஷத்தில் நடிக்கவைத்தாரே, அந்தப் படம். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆறு வருஷமாக என் வாயால் சொல்லாத பெயரைக் கையால் மட்டும் எதற்கு எழுத வேண்டும்? அவருடைய நினைவு மலருக்கு எழுதச் சொல்லி ரகு தம்பி கேட்டபோது, "நான் அஞ்சாவதுக்கு மேல படிக்கலயே" என்றேன். "பேசற மாதிரியே எழுதுங்கம்மா" என்றார். என் பேத்தி எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள். நடந்ததில் பிழை பார்க்க எனக்கு யாரும் தேவையில்லை.

முதன்முதலில் அவரைக் கண்டது என் கடை முன்னால். நீளக் கம்பு ஒன்றின் முனையில் செத்த பூனை மாதிரி ஏதோ ஒன்றைக் கட்டி, என் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார். நான் ஒரு அம்மாவோடு வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"யோவ், இன்னாய்யா அது? மீனு மேல முடி கொட்டப்போவுது. எடு அத."

"கொட்டாதுக்கா. காத்து சத்தம் மைக்குக்குள்ள வராம இருக்கத்தான் இது."

"காத்து சத்தம் வோணாம்னா கடலாண்ட இன்னாத்துக்கு வந்த? வூட்ல போய் கதவ சாத்திக்கினு குந்து."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். அலை கேட்டது. ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பொம்பளை தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாரு இவ, இப்டி கத்தறா?"

"நீங்கதான்க்கா."

அதுவரை என் குரல் நல்ல குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேசம்மா அன்று முழுக்கச் சிரித்தாள். அவரோ, "இந்தக் குரலுக்குத்தான் ரெண்டு மாசமா அலையறோம்" என்று சொல்லி, மறுநாள் ரகு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முகத்தைப் பார்த்து ஆள் எடுக்கிற தொழிலில் குரலைக் கேட்டு என்னை எடுத்தவர் அவர். "மூஞ்சிக்கு மேக்கப் போடலாம்க்கா. சத்தத்துக்குப் போட்டா தெரிஞ்சிடும்" என்று அடிக்கடி சொல்வார்.

அந்தப் படத்தில் பேசுவதை எல்லாம் நடிக்கிற இடத்திலேயே பதிவு செய்துவிடுவார்கள். பிற்பாடு ஸ்டுடியோவில் போய்க் குரல் கொடுக்கிற வேலை கிடையாது. அதனால் காமிராவைவிட அவருடைய நாற்காலிக்குத்தான் அங்கே பயம் அதிகம். காக்கா கத்தினால் நிறுத்துவார். ஆட்டோ ஹாரன் அடித்தால் நிறுத்துவார். அவருக்கு முழுப் பகை குக்கர்தான். நம்முடைய சந்துகளில் சுவருக்குச் சுவர் ஒரு குக்கர் இருக்கிறது. எது எப்போது விசிலடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரியும். படம் எடுக்கும் நாளில் விடிந்ததும் வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் எத்தனை மணிக்கு உலை வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார். மந்தைவெளியில் ஒரு வீட்டில் நடந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அம்மா, பத்தரைலேர்ந்து பதினொன்ற வரைக்கும் மட்டும் குக்கர் வைக்காம இருக்கீங்களா?"

"எம் புருசன் பதினொண்ணுக்கு துன்ன வருவாரு. நீ வந்து ஆக்கிப் போடுவியா?"

"அவர செட்டுக்கு அனுப்பிடுங்க. அங்க சோறு கீது."

அந்தப் புருஷன் நான்கு நாள் வந்து எங்களோடு சாப்பிட்டார். நான்காம் நாள், குழம்பில் உப்பு குறைச்சல் என்று குறையும் சொன்னார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது உங்களுக்கெல்லாம் தெரியும். மஞ்சள் பை. யாரோ ஒருவர் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த துணிப்பை. பெண் மாப்பிள்ளை பெயர் பாதி அழிந்திருக்கும். ஷாட் தொடங்கும் முன் எல்லார் போனும் அதற்குள் போக வேண்டும். டைரக்டராக இருந்தாலும் சரி, டீ கொடுப்பவராக இருந்தாலும் சரி. "ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்றவங்கள நான் நம்பறதில்ல. பையத்தான் நம்பறேன்" என்பார். பை வாயைக் கட்டித் தன் நாற்காலியின் பின்னால் தொங்கவிட்டிருப்பார். எனக்குப் போனை இன்னொருவர் கையில் கொடுத்துப் பழக்கமில்லை. முதல் நாள் தர மாட்டேன் என்று இடுப்பிலேயே சொருகிக்கொண்டேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"எங்கிட்ட கீதுன்னா உங்க கையில கீது மாதிரிக்கா."

இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நீங்களும் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பாக்கியத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எங்கள் அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதின்மூன்று. அன்றிலிருந்து எனக்குத் தலை வாரியதும் அவள், அடித்ததும் அவள். அடையாற்றங்கரையில் குடியிருந்தவளை, வீட்டை இடித்துச் செம்மஞ்சேரியில் மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, நான் நடிப்பதைப் பார்க்க வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. ஷாட் நடுவில் பக்கத்தில் நின்றவரிடம் சத்தமாக ஏதோ கேட்டுவிட்டாள். அன்வர் பாய் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"யக்கா, டேக்கு போய்க்கினு கீது. கொஞ்சம் வாய மூடேன்" என்றேன்.

"நான் இன்னாடி கேட்டுட்டேன்? அந்தாளு தலையில இன்னாத்துக்குச் சட்டிய கவுத்துக்கினு கீறாருன்னு கேட்டேன். அது ஒரு தப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்து வந்து அந்தச் 'சட்டி'யை அவள் தலையிலேயே மாட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னாடி இது, தெருவுல போறவன்லாம் என் காதுக்குள்ள வந்து குந்திக்கினு பேசறான்" என்றாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என் ஆயுசில் அவள் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்து பார்த்தது அன்றுதான்.

மதியம் அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை அவருக்கு அவளே பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். "நீ எந்தம்பி மாதிரி பாய்" என்றாள். "மாதிரி இன்னாக்கா, தம்பிதான்" என்றார் அவர். டப்பாவைத் தானே கழுவித் துடைத்துக் கொடுத்தார். அதனால் பாக்கியம் யார் என்று அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கடைசி வாரத்தில் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. வீட்டுக்கார மாமி ஒரே ஒரு நாள்தான் கொடுத்தார். "நாளைக்கு எங்காத்துல திவசம். நாலு மணிக்குள்ள எல்லாத்தையும் எடுத்துண்டு கிளம்பிடணும். அலம்பி விடணும் நான்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். நான் மீன் விற்கிறவள் என்று தெரிந்ததும் என்னை மட்டும் பின்வழியாக வரச் சொன்னார். அதையும் இங்கே எழுதாமல் விடமாட்டேன்.

அன்று எடுக்க வேண்டியது சிரிப்பு. படம் முழுக்கச் சிரிக்காத அந்த அம்மா, முற்றத்தில் பாத்திரம் தேய்த்தபடி மகன் சொல்வதைக் கேட்டு ஒரே ஓர் இடத்தில் சிரிக்க வேண்டும். அழுகையைக் கேட்டால் எப்போதும் கொடுப்பேன். சிரிப்பு வரவில்லை. ரகு தம்பி பொறுமையாக "ஒன் மோர்" என்றார். மறுபடி "ஒன் மோர்" என்றார். பாத்திரம் தேய்ந்து பளபளத்ததுதான் மிச்சம்.

பதினொன்றரை மணி இருக்கும். அன்வர் பாய் நாற்காலியை விட்டு எழுந்து தெருப்பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. காக்கா கத்தியது, "ஓகே" என்றார். பால்காரர் வண்டி போனது, "ஓகே" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் அந்த ஷாட். மகனாக நடித்த பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வீட்டில் குக்கர் விசிலடித்தது. நீளமான விசில். 'போச்சு, பாய் இப்போ நாற்காலியோடு குதிப்பார்' என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணை மட்டும் ஓட்டி அவரைப் பார்த்தேன். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ரகு தம்பி கட் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினார். "பாய், குக்கர் சத்தம்?"

"எனக்கு ஓகே."

"விசில் நல்லா கேட்டுச்சே பாய்."

"ஓகேன்னு சொல்றேன்ல. அடுத்தது போ."

அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும். பக்கத்தில் இருந்து ஒன்று, தூரத்தில் இருந்து ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. மூன்றரை மணிக்குத்தான் முடிந்தது. அவர் மஞ்சள் பையிலிருந்து முதலில் என் போனைத்தான் எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"வூட்டுக்குப் பேசுங்கக்கா. மொதல்ல பேசுங்க."

அக்காவின் மருமகள் வள்ளி பதினேழு தடவை போன் அடித்திருந்தாள்.

"எங்க போன சின்னத்த? காலையிலேர்ந்து உன் பேரையே சொல்லிக்கினு இருந்திச்சு. ரெண்டு மணிக்கு உயிர் பூட்ச்சி. யாரோ ஒரு ஆளு போன எடுத்து 'சொல்றேம்மா'ன்னாரே, சொல்லலியா?"

அக்காவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி, மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம். நான் போனபோது அவளைக் கீழே பிணவறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்த வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

போனை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து பேர் இருந்த இடம். யாரையும் போய்க் கேட்கிற நிலையில் நான் இல்லை. மூன்றாம் நாள் செம்மஞ்சேரி வீட்டு மாடிப்படியில் அவரே ஏறி வந்தார். மாலை கொண்டுவரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னார்.

"போன எடுத்தது நான்தான்க்கா. பைக்குள்ள ஆடிக்கினே இருந்திச்சு. காதுல உறுமற மாதிரி கேட்டுச்சு. அமுக்கலாம்னு எடுத்தேன். மறுபடி மறுபடி வந்திச்சு. அதான் வெளிய போய்ப் பேசினேன்."

"வள்ளி இன்னா சொல்லிச்சு?"

"மூச்சு முட்டுது, ஆஸ்பத்திரில சேத்துகீறோம், சின்னத்தைய பாக்கணும்னு சொல்லுது, உடனே வரச் சொல்லுங்கன்னு."

"நீ இன்னா பண்ண?"

"ஒரு ஷாட்டு முடிஞ்சதும் சொல்லலாம்னு நெனச்சேன். சொன்னா அன்னிக்கு அதோட நின்னுடும், அந்த வூடு மறுபடி கெடைக்காது. ஆஸ்பத்திரிலதான கீறாங்கன்னு நெனச்சேன். அது முடிஞ்சதும் இன்னொரு ஷாட்டு. அப்பறம் இவ்ளோ நேரம் ஏன் சொல்லலன்னு கேப்பீங்களேன்னு பயம் வந்துட்ச்சி. அதுக்கப்பறம் வாயே வரலக்கா."

"ரகுவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நான் மட்டும்தான்."

பழியை யார் மேலாவது தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. எனக்கு அன்று அது கண்ணில் படவில்லை. "எங்கக்கா கையால துன்ன வாய்டா அது" என்றேன். அவரை நான் 'டா' போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். "போ. இனிமே என் கண்ணுல படாத." அவர் மூன்று மாடியும் இறங்கிப் போகிற செருப்புச் சத்தம் ஓயும்வரை நான் கதவைச் சாத்தவில்லை.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன். நோன்பு மாதத்தில் கஞ்சி கொடுத்தனுப்புவார். மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்புவேன். படத்துக்கு எங்கேயோ வெளியூரில் பரிசு கிடைத்தபோது கடைத்தெரு முனைவரை வந்து நின்றார். நான் ஐஸ் தண்ணீரைத் தெருவில் கொட்டினேன். போன மழைக்கு முந்தின மழைக்காலத்தில் லஸ் கார்னர் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். நல்ல மழை. நிழற்குடைக்குள் அவர் ஒருவர்தான் இருந்தார். நான் நனைந்துகொண்டே வெளியில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். வெளியே இறங்கிப்போய் எதிர்ப்பக்கம் மழையில் நின்றுகொண்டார். நான் உள்ளே போய் அவர் நின்ற இடத்தில் நின்றேன். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. உயிரோடு அவர் என் கண்ணில் பட்டது அதுவே கடைசி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மீர்சாகிப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனபோது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வழி விட்டார்கள். முகம் அமைதியாக இருந்தது. காது இரண்டையும் வெள்ளைத் துணி மூடியிருந்தது. ஷகீலா என் கையைப் பிடித்துக்கொண்டு பீரோவுக்கு அழைத்துப்போனாள். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. போன் நம்பர்கள். எல்லாவற்றுக்கும் மேலே என் நம்பர்.

"அன்னிக்கே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாருக்கா. சொல்லிட்டு இத ஒட்டினாரு. 'எனக்கு எதுனா ஆச்சுன்னா மொதல்ல பட்டினப்பாக்கம் அக்காவுக்குச் சொல்லணும். அவங்களுக்கு இன்னொரு சாவு சேதி லேட்டா போகக் கூடாது'ன்னாரு."

தாளின் ஓரம் பழுத்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உன் சாவை மட்டும் நேரத்துக்குச் சொல்லி அனுப்புகிறாயா என்று மனதுக்குள் கேட்டேன். சாயங்காலம் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன ஹாலில் நீங்கள் எல்லாரும் கூடினீர்கள். நானும் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் காது எப்படிப்பட்ட காது என்று ஒவ்வொருவராகச் சொன்னீர்கள். கடைசியில் ரகு தம்பி பேசினார்.

"பாய் செஞ்ச எல்லாப் படத்துலயும் சேர்த்து ஒரே ஒரு குறைதான். நம்ம படத்துல அம்மா சிரிக்கிற இடத்துல ஒரு குக்கர் விசில். எடுத்துடலாம் பாய்னு நான் எவ்ளோ சொன்னேன். 'அத எடுத்தா டைட்டில்லேர்ந்து என் பேரையும் எடுத்துடு'ன்னு சண்டை போட்டாரு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப படம் எல்லாரும் போன்ல பாக்கற மாதிரி வரப்போவுது. புதுசா சத்தத்த சரி பண்றோம். பாய் பேருக்கு அந்த ஒரு குறையும் இருக்கக் கூடாது. விசில எடுத்துடறோம். அதுதான் நாங்க அவருக்குச் செய்யற மரியாதை."

நீங்கள் கை தட்டினீர்கள். அத்தனை பேர் முன்னால் எழுந்து சொல்ல எனக்கு வரவில்லை. செத்தவர் மறைத்ததை ஊருக்குச் சொல்வது பாவமாயிற்றே என்றும் இருந்தது. வெளியே வந்து ஷகீலாவைக் கேட்டேன்.

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்கக்கா. மறைக்கணும்னு நெனச்சிருந்தா அந்த விசிலை அவரு விட்டுவச்சிருக்கவே மாட்டாரே."

மலருக்கு எழுத ஒப்புக்கொண்டது அதனால்தான். நல்லவர், வல்லவர் என்று எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தப் படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, முன்பே யாரோ நெட்டில் போட்டுவைத்திருந்த அந்த ஓர் இடத்தை மட்டும் பேத்தியின் போனில் போடச் சொன்னேன். முற்றம். பாத்திரம். அந்தப் பிள்ளை பேசுகிறான். விசில். அதன் பிறகு நான் சிரிக்கிறேன். படம் பார்த்தவர்கள் எல்லாம் மெச்சிய சிரிப்பு அதுதான். நடுவில் என் கண் ஒரு பக்கமாக ஓடித் திரும்புகிறது. அது அன்வர் பாயைத் தேடிய கண். அந்த நேரத்தில் அவர் காதில் என் சிரிப்பும் இருந்தது, வள்ளி சொன்னதும் இருந்தது. அந்த விசில், அவர் காது தவறவிட்ட சத்தம் இல்லை. நன்றாகக் கேட்டுவிட்டு, ஓகே என்று பொய் சொன்ன சத்தம். போனைக் கேட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்தாரே, அதுபோலவே. அன்று அவர் சொன்ன பொய்களில் படத்தில் மிஞ்சியது அந்த ஒன்றுதான். அதை யாரும் துடைத்துவிடக் கூடாது என்றுதான் சண்டை போட்டிருக்கிறார்.

தேசம்மா கேட்டாள்: "அப்போ மன்னிச்சிட்டியா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு அந்தாளுக்காகப் பேசற?"

அவருக்காக மட்டும் பேசவில்லை. அந்த விசிலை எடுத்துவிட்டால், அக்கா சாகக் கிடந்த நேரத்தில் காரணமே இல்லாமல் வாய்விட்டுச் சிரித்தவளாக நான் அங்கே இருப்பேன், என் பேத்தி பிள்ளைகள் காலம்வரை. அது இருந்தால், நான் ஏன் சிரித்தேன் என்றும் தெரியும், ஒரு மனுஷன் எங்கே தவறினான் என்றும் தெரியும். அவர் பேரில் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை நான் சாகும்வரை வைத்திருப்பேன். பீரோ கதவில் முதலில் எழுதியிருந்த என் நம்பரையும் அதோடு சேர்த்தே வைத்திருப்பேன். இரண்டையும் எங்கே வைப்பது என்று கேட்டால், அந்த விசிலில்தான் வைக்க இடமிருக்கிறது.

ரகு தம்பி, இனி உனக்குக் காரணம் தெரியும். அதில் கை வைக்க வேண்டாம்.